கைகழுவும் இடத்துப் பூச்சாடி

சித்தப்பா விபத்தில் போன மறுவருஷம், சித்தி திருப்பதிக்கு வந்து எங்கள் வீட்டோடு தங்கினாள். துணிக்கடையில் பில் போடும் வேலை. லீவு நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் பூ அலங்கார வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. பூ என்றால் சாமிக்கு, இல்லாவிட்டால் தலைக்கு. சாடியில் செருகிப் பார்க்க ஒரு வகுப்பா என்று நைனாவிடம் கேட்டாள். மூலையில் அழுதுகினு கிடப்பதற்கு இது தேவலை என்றார் நைனா.

வகுப்பில் மிஞ்சிய ஜெர்பராவையும் சாமந்தியையும் சித்தி வீட்டுக்குக் கொண்டுவருவாள். தண்டைச் சாய்த்து வெட்டுவது, பெரிய பூவைக் கீழேயும் மொட்டை மேலேயும் வைப்பது எல்லாம் எனக்கும் சொல்லித் தந்தாள். தண்டு செருகும் பச்சை ஸ்பாஞ்சை மட்டும் தண்ணீரில் அமுக்கக் கூடாது. அது தானாக முங்கும்வரை காத்திருக்க வேண்டும். எட்டு வயதில் எனக்கு அது ஒன்றுதான் கஷ்டம்.

அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. புத்தூரில் மண்டபம். சித்தி இரண்டு நாள் லீவு போட்டு, மேடைக்கென்று ஒரு சாடி செய்தாள். சுற்றிலும் மஞ்சள் சாமந்தி, நடுவே நீளமான சம்பங்கித் தண்டுகள். கீழ்வரிசை முழுக்க நான் செருகியது. யாராவது கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த அத்தை, நைனாவின் அக்கா, சாடியைச் சுற்றிவந்து பார்த்தாள். செய்தது யார் என்று அம்மாவிடம் விசாரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லாத்தான் கீது. ஆனா புருசன் போனவ கைப்பட்டத பொண்ணு எதிர்ல வெப்பாங்களா? அப்பால எடுத்துடு."

அம்மா ஏதாவது பதில் சொல்வாள் என்று நின்றேன். அம்மா சமையல்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டாள். சாடி பந்திக்குப் பின்னால், கைகழுவும் இடத்துக்குப் போயிற்று.

எனக்கு வந்த கோபமெல்லாம் என் கீழ்வரிசைக்காக. பாதி தூக்கியும் பாதி இழுத்தும், பாவாடை முழுக்கத் தண்ணீர் சிந்த, சாடியை மேடைப்படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சமையல்கட்டிலிருந்து சித்தி வந்தாள். அத்தையையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்து சாடியை வாங்கிக்கொண்டாள்.

"அங்கியே இருக்கட்டும்டி. தண்ணி பக்கத்துல கீது, வாடாது."

மறுவாரம் எல்லோருமாகத் திருமலைக்குப் போனோம். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்கு மட்டும், பெண்கள் சூடக் கூடாது என்பதால், அடிவாரத்திலேயே அம்மா தன் தலைப்பூவை எடுத்தாள், அக்காவினதையும் எடுத்தாள். அக்கா முனகிக்கொண்டே வந்தாள். சித்தியோ வழியெல்லாம் பேசினாள். வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத பெண்களோடு தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். போட்டோ எடுத்தபோது நடுவில் வந்து நின்றாள்.

அதன்பிறகு துணை கிடைத்தபோதெல்லாம் மலைக்குக் கிளம்பிவிடுவாள். சித்திக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா சொன்னாள். நான் லட்டுக்காக என்று நினைத்தேன். அங்கே எந்தப் பெண்ணின் தலையிலும் பூ இல்லை என்பதைப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.