எர்த் சோதனைப் பக்கம்

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் நரைத்த தாடி, சட்டைப்பையில் டெஸ்டரோடு ஒரு வயர்மேன். ஜன்னல் கம்பியைக்கூட முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தே பிடித்தார். கரண்ட் இருந்தால் கை தானாக உதறிக்கொள்ளுமாம். மடியில் வயர்மேன் லைசென்ஸ் பரீட்சைப் புத்தகம்; கசியும் கரண்ட் மண்ணுக்குள் போகிறதா என்று பார்க்கும் எர்த் சோதனைப் பக்கம் திறந்திருந்தது.

“இன்னா அண்ணாத்த, இந்த வயசுல பரீட்சையா?” என்று கிண்டலாய்க் கேட்டுவிட்டேன்.

“ஊருக்கெல்லாம் எர்த் பாத்துக் குடுத்தேன். நம்ம வூடுதானேன்னு அங்க மட்டும் பாக்காம வுட்டுட்டேன். கிரைண்டரைத் தொட்ட எம்பொண்ணு ஷாக் அடிச்சு அங்கியே செத்துப் பூட்டா. இனிமே முறையா படிச்சுட்டுத்தான் ஒரு வூட்ல கை வைப்பேன்.”

திருக்கழுக்குன்றம் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். செங்கல்பட்டு வரை அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை.

ஈஸ்வரா, பரீட்சையில் அந்த எர்த் கேள்வி மட்டும் அவருக்கு வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.