தவளை டீச்சர் ஆற்றில் இறங்கிய கதை

எங்கள் ஊரில் தவளை டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் அவரிடம் நீச்சல் படித்த பிள்ளைகள்தான். அவர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. “மீனுன்னு வச்சிருந்தா இன்னும் கொஞ்சம் கௌரவமா இருந்திருக்கும்” என்பதோடு விட்டுவிடுவார். இங்கே நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி அவர் அண்ணன் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் டீச்சர் பக்கமே நின்றிருக்கிறேன். நானும் இப்போது அவர் மாணவன். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாத்தியாரை எதிர்த்துப் பேசும் துணிச்சல் எனக்கில்லை.

கல்யாணமான புதிதில் வீடு பார்க்கப் போனார்களாம். பின்பக்கம் போன டீச்சர் திரும்பி வரவே இல்லை. அங்கே ஓடு பதித்த சின்ன நீச்சல் குளம் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே வற்றாத கிணறு. அவர் கணவர் தையல்காரர். தெருவைப் பார்த்த முன்னறையை விட்டு அவர் நகரவில்லை. கடை போட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்து வீட்டை வாங்கிவிட்டார்கள். நடுவில் சமையலறை எலிப்பொந்து மாதிரி இருப்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

அப்படி முன்னால் தையல் மெஷின் சத்தமும் பின்னால் தண்ணீர்ச் சத்தமுமாக அந்த வீடு நடந்தது. பிள்ளைகளுக்கு நீச்சலுடை தைத்துக் கொடுப்பவரும் தையல்காரர்தான். ஆனால் குளத்தின் ஓரத்துக்குக்கூட அவர் வரமாட்டார். “நான் துணியை நனைச்சுப் பார்த்து சுருங்குதான்னு சோதிக்கிறவன். என்னையே நனைச்சுப் பார்க்க விரும்பல” என்பார்.

ஊர் நடுவில் ஆறு ஓடும்போது எதற்குத் தனியாகக் குளம் என்று கேட்கலாம். ஆறு என்பது பேருக்குத்தான் இருந்தது. குழாய்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று கரையை ஒட்டி இருந்தது. இரும்பும் பித்தளையுமாக உள்ளே போகும் குழாய்கள் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வெளியே வரும். கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியே ஆற்றில் விழும். பிறகு சட்டம் வந்து அந்தக் குழாயை அடைத்தார்கள். ஆனாலும் ஆறு தேறவில்லை. இறங்கினால் உடம்பு அரிக்கும் என்பதால் ஒரு தலைமுறையே கரையில் நின்று பார்த்ததோடு சரி.

டீச்சரின் குளத்துத் தண்ணீர் ஒரு கோடையில் லேசாக மஞ்சள் தட்டியது. அவர் முதலில் பதித்த ஓடுகளைச் சந்தேகப்பட்டுத் தேய்தேயென்று தேய்த்தார். அப்புறம் மருந்துப் பொடியைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினார். குளத்தையே இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார். அதுவும் மஞ்சள்தான். பிள்ளைகள் முழங்கையைச் சொறிய ஆரம்பித்தார்கள். தையல்காரர் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, வெள்ளை லைனிங் துணியை விரித்து அதன்முன் வைத்தார். நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

“இது அழுக்கு இல்ல. சாயம் மாதிரி, தண்ணியோட கலந்திருக்கு. எங்கேயாவது கொடுத்துப் பாரு” என்றார்.

அரசு ஆய்வுக்கூடத்தில் இருந்த ரசாயனக்கார அம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க வீட்டுப் பக்கத்துல முலாம் பூசற இடம் ஏதாவது இருக்கா?”

“இருக்கு. எங்க அண்ணன் அங்கதான் வேலை பார்க்கிறார்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, முலாமுக்குப் போடும் குரோமியம் கிணற்றில் இருப்பதையும், அது தோலுக்கும் உடம்புக்கும் என்ன செய்யும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

மறுநாள் டீச்சர் வாசலில் நின்று, வந்த பெற்றோர் ஒவ்வொருவரிடமும் தானே சொல்லிக் குளத்தை மூடினார். குடிக்கிற தண்ணீருக்குத் தெருக்கோடியில் லாரி வந்தது. அன்று சாயங்காலம் அவர் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார்.

“எங்க மேல தப்பே இல்ல. ஆத்துல ஒரு சொட்டு விடறதில்ல. எல்லாம் சட்டப்படிதான் நடக்குது” என்றார் அண்ணன்.

“அப்ப எங்க விடறீங்க?”

“பின்னாடி குழியில.”

“குழியிலேர்ந்து அது எங்க போகுது?”

“குழி எங்கயும் போகாது. அங்கயேதான் இருக்கும்.”

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “குழி போகாது. அதுல ஊத்தற தண்ணி போகுமா போகாதா? அதைச் சொல்லுங்க.”

அண்ணன் எழுந்துபோய்க் கை கழுவினார். அந்தக் குழாயும் அவர்கள் ஆலையில் முலாம் பூசியதுதான். டீச்சருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “குழாய் நல்லா பளபளன்னுதான் இருக்கு அண்ணா. தண்ணிதான் மஞ்சளா வருது.”

குழித் தண்ணீர் மண்ணுக்குள் ஊறிக் கிணறுகளுக்குப் போகிறது, மீதி மண்ணுக்கடியிலேயே நகர்ந்து ஆற்றுக்கே போய்ச் சேருகிறது என்று ரசாயனக்கார அம்மா சொல்லியிருந்தார். ஆறு தேறாததற்குக் காரணம் அதுதான். டீச்சர் இதைப் போய் மாசு அலுவலகத்தில் சொன்னார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். சட்டப் புத்தகத்தைத் திறந்து, டீச்சர் பக்கமாகத் திருப்பியே காட்டினார்.

“பாருங்கம்மா. ஆறு, ஏரி, வாய்க்கால்னு போட்டிருக்கு. நிலம்னு போடல, கிணறுன்னும் போடல. குழி வெட்டி ஊத்தினா நான் கேட்க முடியாது. அவங்க சட்டத்துக்கே தண்ணி காட்டறாங்க.”

“போடாததைப் போட முடியாதா?”

“போடலாம்னுதான் ஒரு குழு உட்கார்ந்திருக்கு. பொதுமக்களும் வந்து பேசலாம். நீங்க போங்களேன்.”

குழு உட்கார்ந்திருந்தது தலைநகரத்தில். கணவரும் மனைவியும் பஸ் ஏறினார்கள். ஏறிப் பார்த்தால் முன் சீட்டில் அண்ணன், சலவைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். ஆலையின் சார்பில் பேச முதலாளி அவரை அனுப்பியிருந்தார்.

பாதி வழி வரை அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் தையல்காரர் எழுந்துபோய் அண்ணனின் காலரைத் தொட்டுப் பார்த்தார். “மச்சான், இந்தக் காலரை யார் தைச்சது? ஒரு பக்கம் கிழக்கப் பார்க்குது, ஒரு பக்கம் மேற்கப் பார்க்குது.”

“ரெடிமேடு.”

“அதான் பார்த்தேன். இதைப் போட்டுக்கிட்டு எங்களை எதிர்த்துப் பேசினா எங்களுக்குத்தான் அவமானம்.”

பஸ் நின்ற இடத்தில் தையல்காரர் பையிலிருந்து ஊசி நூலை எடுத்துக் காலரைச் சரிசெய்தார். டீச்சர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அண்ணனுக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணி முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தார். மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசப் போனார்கள்.

கூடம் பெரிது. குழுத் தலைவர் ஒரு அம்மா. எல்லாரும் சொல்வதைத் தாடையில் கைவைத்துக்கொண்டு கேட்பவர். அங்கே வந்திருந்த ரசாயனக்கார அம்மா படம் போட்டு, குழியிலிருந்து கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தண்ணீர் நகரும் விதத்தைக் காட்டினார். அண்ணன் எழுந்து, ஆலையை மூடினால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று சொன்னார். அது பொய்யில்லை. கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கே கண் கலங்கியதாம்.

அவர் முறை வந்தபோது எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. குளம் மஞ்சளானதையும் பிள்ளைகள் சொறிந்ததையும் மட்டும் சொல்லி நிறுத்தினார்.

“அப்ப ஆலையை மூடணுங்கிறீங்களா?” என்று கேட்டார் தலைவர் அம்மா.

“மூடச் சொல்லலைங்க. மூடினது நான்தான், என் குளத்தை. அவங்க அந்தக் குழியை மூடினா போதும்.”

தலைவர் அம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். “குழி இல்லாம உங்க ஆலை நடக்குமா?”

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அண்ணன் அந்த நிலையில் நின்றார். முதலாளி என்ன சொல்லி அனுப்பியிருந்தார் என்பது அவருக்குத் தெரியும். அவர் கை தானாகவே காலருக்குப் போயிற்று.

“நடக்கும்ங்க. கழுவற தண்ணியைத் தொட்டியில பிடிச்சு, குரோமியத்தைத் தனியா எடுத்து, அதே தண்ணியைத் திரும்பப் போடலாம். ஒரு கம்பெனிக்காரர் வந்து அளவெல்லாம் எடுத்துட்டுப் போனார். சட்டம் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டாங்க.”

“சட்டம் சொல்லிட்டா?”

“பண்ணித்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டீச்சர் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வேலை போகவில்லை. முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தத் தொட்டி வேலை என்னவென்று ஆலையில் தெரிந்தவர் அண்ணன் ஒருவரே என்பது முதலாளிக்கும் தெரியும்.

இதற்கிடையில் குளம் இல்லாத டீச்சர் சும்மா இருக்கவில்லை. கணவரின் துணி வெட்டும் மேஜைகளைக் காலி செய்து, பிள்ளைகளைக் குப்புறப் படுக்கவைத்துக் காலடிக்கச் சொல்லிக்கொடுத்தார். வாளித் தண்ணீரை வைத்து மூச்சுப் பழக்கினார். துணி தைக்க வந்தவர்கள், மேஜைமேல் பிள்ளைகள் வரிசையாக நீந்துவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “சட்டை எப்ப கிடைக்கும்?” என்று கேட்டால், “இந்த நாலு பேரும் அக்கரை சேர்ந்ததும்” என்பார் தையல்காரர்.

சட்டம் நிறைவேறிய செய்தியை ரேடியோவில் கேட்டது அந்த மேஜைப் பக்கத்தில் நின்றுதான். ரசாயனக் கழிவை ஆற்றில் மட்டுமல்ல, கிணற்றிலோ குழியிலோ வெறும் மண்ணிலோ விட்டாலும் குற்றம். ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளைச் சோதித்து முடிவை வாசலில் ஒட்ட வேண்டும். கெடுத்தவரே சுத்தம் செய்து தரவேண்டும். சின்ன ஆலைகள் மாறிக்கொள்ள அவகாசமும் கடனுதவியும் உண்டு. செய்தி முடிந்ததும் டீச்சர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பிள்ளைகள் பாடம் முடிந்துவிட்டதென்று மேஜையிலிருந்து குதித்து ஓடிவிட்டார்கள். கணவரும் மனைவியும் மட்டும் துணிக் குவியலுக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சட்டம் போட்ட மறுநாளே தண்ணீர் வெளுத்துவிடாது. குழி மண்ணை ஆழம் வரை அள்ளினார்கள். மண்ணுக்கடியிலிருந்த தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். அண்ணன் புதுத் தொட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். ஆலை வாசலில் ஒட்டும் முடிவை டீச்சர் காய்கறி வாங்கப் போகிற வழியில் நின்று படிப்பார். சில மாதம் குரோமிய அளவின் எண் இறங்கும், ஒரு மாதம் ஏறும். ஏறிய மாதங்களில் அண்ணன் வீட்டில் அவருக்கு டீ கிடைக்காது. கேட்டால் அண்ணன், “எண் இறங்கட்டும், வா” என்பார். வருஷங்கள் போயின. மேஜையில் படித்த பிள்ளைகளுக்கு மீசை அரும்பியது. ஒரு மழைக்காலம் முடிந்தபோது கிணறு தேறியது, குளம் மறுபடி நிறைந்தது. அதற்கப்புறம் இன்னும் காத்திருந்து, ஆறும் தேறியது.

ஆற்றைத் திறந்துவிட்ட காலையில் ஊரே கரையில் கூடியது. ரசாயனக்கார அம்மா வந்திருந்தார். குழுத் தலைவராக இருந்த அம்மாவும் வந்து நாடாவை வெட்டினார். வெட்டிய பிறகு ஒருவரும் இறங்கவில்லை. அத்தனை வருஷத்துப் பயம் ஒரு நாடாவோடு அறுந்துவிடுமா? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. பிறகு கால் இரண்டையும் விரித்து ஒரு உதை. பட்டப்பெயர் வைத்த பிள்ளைகள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். நடு ஆற்றுக்குப் போய்த் திரும்பி மல்லாந்து மிதந்தார். அவர் சிரிக்கும் சத்தம் தண்ணீர்மேல் தவழ்ந்து கரைக்கு வந்தது. அவ்வளவுதான், மேஜை நீச்சல்காரர்கள் அத்தனை பேரும் தொபுக்கென்று குதித்தார்கள். அண்ணன் சட்டையோடு இறங்கி முட்டளவில் நின்று அழுதார். தையல்காரர் மட்டும் செருப்பைக் காவல் காத்தார்.

பிரச்சினை எங்களுக்குத்தான். ஊரில் நடுவயதுக்காரர்கள் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. ஆகவே இப்போது விடிந்ததும் ஆற்றில் பெரியவர்கள் வகுப்பு நடக்கிறது. பேங்க் குமாஸ்தாவான நான், மளிகைக்கடைக்காரர், பல் டாக்டர், அண்ணி என்று தொப்பையும் பயமுமாக ஒரு கூட்டம். தையல்காரர் எங்களுக்கு நீச்சலுடை தைக்க அளவெடுத்துவிட்டு, துணி ஆலைக்குத் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றார்.

வகுப்பிலேயே மக்கு மாணவி அந்தத் தலைவர் அம்மாதான். விடுமுறை நாளில் தலைநகரத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்துகொள்வார். கடைசிப் படிக்கட்டைத் தாண்டமாட்டார். போன வாரம் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது.

“அவ்வளவு பெரிய சட்டத்தையே போட்டீங்க. இந்த ஒரு படி இறங்க மாட்டேங்கிறீங்களே.”

“ஆழம் தெரியாம காலை விடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணி இப்ப அவ்வளவு தெளிவா இருக்கு. அடி வரைக்கும் கூழாங்கல்லு தெரியுது. அதான் பயம்” என்றார் அவர்.

டீச்சர் சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒரு படி இறங்கினார்.