சிவப்பு மசியில் குறித்த சிரிப்புகள்

ஒருவர் தனியாக மேடையில் நின்று ஊரைச் சிரிக்கவைக்கும் தொழிலில், பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நிற்க இன்னொருவர் தேவைப்படுகிறார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு தொடங்கி நான்காண்டுகள் புதுச்சேரியில் அந்த இன்னொருவர் நான். பிறர் பேச்சுக்காக மேடையோரத்தில் நின்று வியர்த்தவர்கள், நான் சொல்லவிருப்பதை எளிதில் நம்புவார்கள்.

என் கோடும் அவர்கள் கோடும்

சிங்காரவேலு, பிரெஞ்சுக்காரர் காலத்தில் மெரி என்னும் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். குழந்தையின் பிறப்பைப் பதிய வரும் தகப்பனையும், அவனைக் காக்கவைக்கும் எழுத்தரையும் ஒரே ஆளாக நடித்துப் பேசுவார். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, பிரெஞ்சு வழக்கப்படி ஊராருக்கு ‘மதாம்’ ஆகியிருந்த நான் அவர் பேச்சைத் திருத்தமாக எழுதி, சிரிப்பு வரவேண்டிய இடங்களைச் சிவப்பு மசியால் முன்கூட்டியே கோடிட்டு வைத்தேன்.

முத்தியால்பேட்டைக் கூடத்தில் முதல் முறை பேசியபோது, நான் கோடிட்ட பதினோரு இடங்களில் இரண்டில் மட்டுமே சிரித்தார்கள். கூடமே அதிர்ந்தது வேறோரிடத்தில். எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றினார். ஒரு சொல்கூட இல்லை. முந்நூறு பேர் ஒரே நொடியில் எப்படி ஒரு மனமானார்கள் என்று நான் திகைத்து நின்றேன். மறுநாள் அவர் என் அழகிய வாக்கியங்கள் நான்கை நீக்கிவிட்டு, துடைப்பதை இன்னும் சற்று நீட்டினார். நான் முகம் சுளித்ததைக் கண்டு சொன்னார்: “நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு மதாம். ஆனா சிரிக்கறவங்க அவங்க. அவங்க போடற கோடுதான் கோடு.”

துண்டைக் கடித்தவர்

வானொலி நிலையத்திலிருந்து ஒலிப்பதிவு இயந்திரத்தோடு ஓர் அதிகாரி அதே கூடத்துக்கு வந்தார். பதினைந்து நிமிடப் பேச்சு. அது தேறினால் சிங்காரவேலுவுக்கு மாதந்தோறும் வாய்ப்பு; தேறாவிட்டால் தவளக்குப்பத்தில் அக்காள் கணவரின் அரிசி மண்டியில் போய் உட்காருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

பதிவில் இரைச்சல் கூடாது என்றெண்ணி, வகுப்பறையில் சொல்வதுபோல் நான் கூட்டத்திடம் சொன்னேன்: இருமல்கூடக் கேட்கலாகாது. கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபோதும் நிசப்தம். சிரிப்புக்காக நிற்க இடமில்லாமல் சிங்காரவேலு விரைந்தார். பதினைந்து நிமிடப் பேச்சு ஒன்பதில் முடிந்தது. வெளியே வந்த பெரியவர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “நாலு எடத்துல சிரிப்பு தாங்கல மதாம். நீங்க சொன்னீங்களேன்னு துண்டக் கடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். நான் ஒண்ணும் தப்பு பண்ணிடலையே?”

அஞ்சலையின் கேள்வி

பிழை என்னுடையது என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். மறுநாள் முற்பகல், புறப்படுமுன் ஒரே ஒருமுறை பதிவதாகச் சொன்னார். அந்நேரம் ஊரார் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மீன் விற்று முடித்து வெறுங்கூடையோடு திரும்பிய பெண்களை வாசலில் நின்று நானே அழைத்தேன். எந்தக் கட்டளையும் இடவில்லை.

சிங்காரவேலு கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார். அதிகாரியின் நெற்றி சுருங்கியது. வானொலி கேட்பவருக்குக் கண்ணாடி தெரியாது. வெற்று மௌனந்தான் கேட்கும். அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து அஞ்சலை என்னும் பெண் குரல் கொடுத்தாள்: “இன்னா முசியே, கண்ணாடியத் தொடச்சி முடிக்கறதுக்குள்ள என் புள்ளக்குக் கல்யாணமே ஆயிடும் போலக்கீதே!”

கூடம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அவர் அவசரப்படவில்லை, அலை கரைக்கு வந்து திரும்பும்வரை நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “கல்யாணப் பதிவு பக்கத்து சன்னல்மா” என்றார். என் கடிகாரத்தில் இருபத்திரண்டு நொடிகள் சிரிப்பு. கண்ணுக்கு மட்டுமே உரியதாயிருந்ததை அவள் ஒரு கேள்வியால் காதுக்கும் உரியதாக்கிவிட்டாள். இயந்திரத்தை இயக்கிய ஒலிப்பதிவாளர் அந்தப் பெண்குரலை வெட்டிவிடலாமா என்று கேட்டார். அதிகாரி தலையசைத்து மறுத்தார்: “அத வெட்டினா, மீதி எதுக்கு?”

காலி இடம்

அரிசி மண்டிக்கு ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஒலிப்பதிவுக்கு முழுப் பிரதியும் முன்னதாக வரவேண்டும் என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடி வரும் அடுத்த பேச்சில், ‘இங்கே ஒரு பெண் கேட்பார்’ என்று சிவப்பு மசியால் எழுதி, அஞ்சலையின் சொற்களையும் சேர்த்து, அவளிடமே படித்துக் காட்டினேன். கூடையை இடுப்பில் இடுக்கியபடி என்னை இரக்கத்தோடு பார்த்தாள்: “அன்னிக்கு அவுரு தொடச்சாரு, எனக்குத் தோணிச்சு, கேட்டேன். எழுதி வச்சதக் கேக்கறதுக்கு நான் எதுக்கும்மா?”

அதன்பின் நிலையத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு பிரதியிலும் அந்த இடத்தில் நான்கு வரிகளைக் காலியாக விட்டேன். நான்காண்டுகளில் நான் பிழையின்றி எழுதியது அந்த நான்கு வரிகளைத்தான்.