பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும்

அவளை எல்லோரும் மூடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்க்கு மூடியே இல்லாத பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததற்குத் தொழில்தான் காரணம். ஓட்டல்கள், விருந்து மண்டபங்களின் பின்வாசலில் சேரும் காலி மது பாட்டில்களை எடுத்து வந்து, கழுவி, வினிகர் கம்பெனிக்குக் கொடுக்கும் குடும்பம் அவளுடையது. மிச்சத்தைத் தங்கள் சாக்கடையில் ஊற்ற எந்த ஓட்டலும் விடாது; ஈ மொய்க்கிறதாம். அதனால் ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் விரற்கடை அளவு சரக்கு கிடந்தபடியே வரும். மூடாமல் ஏற்றினால் வண்டி முழுக்கச் சிந்தி நாறும். “மூடி எங்கே?” என்று அவள் கேட்கிற தோரணையில், பாத்திரம் தேய்ப்பவர்கள் குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்துத் தருவார்கள்.

வயது பத்தொன்பது. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே லோடு வண்டியின் சாவியைக் கையில் எடுத்தவள். அதற்கு முன் ஓட்டியவர் அப்பா. ஒரு சொட்டுச் சாராயத்தைக்கூடக் கடையில் வாங்காமல் குடிகாரர் ஆன மனிதர் அவர். பாட்டில்களின் அடியில் கிடந்ததே அவருக்குப் போதும். போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பார். ஒருநாள் விளக்குக் கம்பத்தில் மோதினார். அவருடைய லைசென்ஸ் போனது போனதுதான். அதன்பின் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னால் மூடிக்குக் கோபம் வரும்.

இப்போது அவர் குடிப்பதில்லை. வாசல் பக்கம் உட்கார்ந்து மரப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பார். அம்மா பின்கட்டில் பாட்டில் கழுவுவாள். மூடி சுற்றுச் சந்து வழியாக வந்து பின்கதவில் வண்டியை நிறுத்துவாள். கடைசிச் சொட்டு வரை சாக்கடையில் போன பிறகுதான் அப்பா அந்தப் பக்கம் வரலாம். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. மூன்று பேரும் அதை மீறியதும் இல்லை.

ஒரு மத்தியானம் பாலத்து முனையில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்தார். லைசென்ஸில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்தார். பின்பக்கம் போய் ஒரு பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்தார். அடியில் மிச்சம் ஆடியது. இன்னொன்றிலும் ஆடியது. இருபத்தொரு வயது நிரம்பாதவர் ஓட்டும் வண்டியில் மது இருக்கக் கூடாது, பெற்றோர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பரவாயில்லை, இதுதான் சட்டம் என்றார். இது மதுவா, கழுவ வேண்டிய அழுக்கா என்று அவள் கேட்டாள். மூடி போட்டுப் பத்திரமாகக் கொண்டு போகிறாயே, அழுக்கை யாராவது மூடி போட்டு வைப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். நறுவிசாகச் செய்த வேலையே அவளை மாட்டிவிட்டது.

அடுத்த வாரம் லைசென்ஸ் ஆபீஸில் விசாரணை. அம்மாவும் அப்பாவும் கூட வந்தார்கள். இரும்பு நாற்காலிகள், ஆடுகிற மின்விசிறி, மேசைமேல் மூன்று சாட்சிப் பாட்டில்கள். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நல்லவேளை, பாட்டில்கள் நன்றாக மூடப்பட்டிருந்தன.

மூடி விட்டுக் கொடுக்கவில்லை. மதுக்கடையில் வேலை செய்யும் என் வயதுப் பையன் நிறைந்த பெட்டிகளை வண்டி வண்டியாக ஓட்டிப் போகிறானே, அவனைப் பிடித்தீர்களா என்று கேட்டாள். கடைக்கு உரிமம் இருக்கிறது, அதனால் அவனுக்கு விலக்கு உண்டு, உனக்கு இல்லை என்றார் அதிகாரி. பெண்மணிதான், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாகவே பேசினார். எவ்வளவு இருந்தால் மது என்று சட்டத்தில் அளவு போட்டிருக்கிறதா என்றாள் மூடி. இல்லை, ஒரு சொட்டும் மதுதான் என்றார். அப்படியானால் உங்கள் சட்டம் நிறைந்த பாட்டிலுக்கு வழிவிட்டுக் காலிப் பாட்டிலைப் பிடிக்கிறது என்று மூடி சொன்னதும், பக்கத்து மேசை குமாஸ்தா சிரிப்பை அடக்கக் கோப்புக்குள் முகத்தைப் புதைத்தார்.

அதிகாரிக்கும் அவள்மேல் கோபமில்லை. ஒரு காகிதத்தை நகர்த்தினார். இருபத்தொரு வயது ஆகும் வரை வண்டியில் தந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்டுவேன் என்று அப்பாவும் மகளும் கையெழுத்துப் போட்டால், எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். மறுத்தால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம்.

அம்மா முகத்தில் உயிர் வந்தது, அடுத்த நொடியே போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி ஓடாவிட்டால் ஓட்டல்காரர்கள் ஒரு வாரத்தில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவளே நாள் முழுக்க வண்டியில் போனால் பாட்டில் கழுவ ஆளில்லை. வண்டி ஓட வேண்டுமென்றால் அந்த மனிதர்தான் தினமும் முன்னூறு பாட்டில்களுக்கு முன்னால் உட்கார வேண்டும்.

அப்பா பேனாவை எடுத்தார். மகளுக்காக எதையும் செய்யும் வேகம் அவர் கையில் தெரிந்தது. கண் மேசைமேல் இருந்த பாட்டில்களுக்குப் போய்த் திரும்பியதும் தெரிந்தது. மூடி காகிதத்தை அவர் முன்னாலிருந்து இழுத்தாள்.

“இதுல எங்க அப்பா கையெழுத்துப் போட மாட்டாரு.”

“ஏம்மா? உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? அவர் சும்மா உக்காந்துட்டு வந்தாப் போதும்.”

காரணம் அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அதிகாரி மனமிரங்கி வேறு வழி பார்த்திருக்கலாம். ஆனால் குமாஸ்தா கேட்டுக்கொண்டிருந்தார், வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அவர்கள் நடுவில் அப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் வாய் கொடுக்கிறவள், அந்த ஒரு விஷயத்தை மட்டும் விழுங்கினாள்.

“உங்க சட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருந்தாப் போதும். அது யாரு, அங்க உக்காந்தா அவருக்கு என்ன ஆகும்னு அதுக்குக் கவலை இல்ல. எனக்கு இருக்கு. நான் தப்புப் பண்ணல மேடம், ஒத்துக்கவும் மாட்டேன். லைசென்ஸை வச்சுக்கங்க.”

பிடிவாதக்காரி என்று அதிகாரி வாய்விட்டே சொன்னார். மூடி மறுக்கவில்லை. ‘சம்மதமில்லை’ என்று காகிதத்தின் குறுக்கே எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, லைசென்ஸை அதன்மேல் வைத்தாள்.

வெளியே வந்ததும் அம்மா புலம்ப ஆரம்பித்தாள். மூடி கணக்காகப் பதில் சொன்னாள்: பக்கத்துத் தெரு ஓட்டல்கள் மூன்றும் தள்ளுவண்டிக்கு எட்டும், அதை நானும் நீயும் தள்ளுவோம், தூரத்து மண்டபங்கள் போனால் போகட்டும், பிறகு சண்டை போட்டு வாங்கிக்கொள்ளலாம். அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் தள்ளுவண்டிச் சக்கரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

அப்பா நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார். படியிறங்கும்போது நின்றார்.

“நான் சமாளிச்சிருப்பேன்மா. ஆறு மாசம் உன் பொழைப்பே போச்சே.”

மூடி திரும்பினாள். அவளுக்கு அழுகை வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

“லைசென்ஸ் ஆறு மாசத்துல திரும்பி வந்துரும்பா. போன தடவை நீ திரும்பி வர ரெண்டு வருஷம் ஆச்சு.”

மிச்சப் படிகளை மூன்று பேரும் சேர்ந்தே இறங்கினார்கள்.