உப்பு மூட்டம் என்று ஒரு செய்தி

உங்கள் பீடத்தின் செய்திப் பக்கத்தில் உங்கள் படம் எப்போதாவது வந்திருக்கிறதா? வந்தால் முதல் வேலையாகச் சொந்தக்காரர் எல்லாரையும் பிளாக் பண்ணிவிடுங்கள். நான் பண்ணவில்லை.

பிரயோக பௌதிகவியல், இறுதி வருடம். என் செயற்திட்டம் கேட்கச் சுலபம். கடல்நீரேரிக் காற்றுப் படுகிற இடத்தில் ஒரு சோலார் பேனல் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளக்க வேண்டும். எங்கள் வீடு அளவெட்டியில். அங்கே உப்புக் காற்றுக்கு எங்கே போவது? அதனால் அரியாலையில் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் மேசை அளவு பேனல் ஒன்றைப் பூட்டினேன். பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் வெயிலை அளக்கும் சின்ன உணரி. காகம் எச்சம் போட்டுக் கணக்கைக் கெடுக்கக்கூடாது என்று மேலேயும் சுற்றிவரவும் மெல்லிய நைலோன் வலை அடித்து, அதற்கு ஒரு கதவும் வைத்தேன். தையில் தொடங்கிச் சித்திரை வரை ஞாயிறு பின்னேரங்களில் போய், கிழமை முழுக்கக் கருவியில் பதிவான அளவீடுகளைப் பிரதி பண்ணிக்கொண்டு வந்தேன்.

அளவீடோ விசர்க்கூத்து. மந்தாரமான நாளில் பேனல் ஒழுங்காக வேலை செய்தது. வெயில் கொளுத்துகிற நாளில், கம்பத்து உணரி முழு வெயில் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பேனல் காலையிலேயே செத்துவிடும். பின்னேரம் கொஞ்சம் உயிர் வரும். வயரை மாற்றினேன். பேனலையே மாற்றினேன். அதே கதை.

மேற்பார்வை செய்த சேருக்கு மட்டும் பெரிய சந்தோஷம்.

“ஐசே, இது பிழை இல்லை. உப்பு மூட்டம். வெயில் கூடக் கூட ஏரியிலையிருந்து எழும்பி வந்து பேனலிலை படியுது.”

“அப்ப கம்பத்திலை ஏன் படியேல்லை சேர்?”

“அது உயரத்திலையல்லோ நிக்குது.”

கம்பம் என் மூக்களவு உயரம். சேரோடு யார் வாதாடுவது? ஆய்வு மாநாட்டுக்குச் சுருக்கம் போனது, தேர்வும் ஆனது. ஐப்பசி பிறந்ததும் பீடம் செய்தி போட்டது: கடல்நீரேரியின் உப்பு மூட்டம், மாணவரின் புதிய அவதானிப்பு. பேனலுக்குப் பக்கத்தில் நான் இளித்துக்கொண்டு நிற்கிற படம். பீடாதிபதி வாழ்த்து எழுதினார். அம்மா அதைக் குடும்பக் குரூப்பில் போட்டார். அங்கேதான் வினை.

அடுத்த நாள் விரிவுரையில், பக்கத்துக் கதிரையில் இருந்த என் பட்ச்காரன் போனை என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

“மச்சான், உது ஆரடா? உன்ரை சொந்தமோ?”

கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகள். செய்திக்குக் கீழே, ஊரே பார்க்க எழுதியிருந்தார்: ‘வாழ்த்துக்கள் தம்பி. உது அம்மா ஒடியல் காயப்போடுற கண்ணாடியல்லோ? வீடியோ கோலிலை எனக்குக் காட்டினவ.’ அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

விரிவுரையை விட்டுவிட்டு அரியாலைக்கு ஓடினேன். பெரியம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“ஓம் மோனை, போட்டனான். அதுக்கென்ன?”

“பேனலுக்கு மேலையோ?”

“பின்னை? வலை அடிச்சு வைச்சிருக்கிறாய், காகம் வராது. கண்ணாடியும் நல்லாச் சுடும். பனங்கிழங்கைக் கிழிச்சு பாயோடை விரிச்சு விட்டால் சோலி முடிஞ்சுது. கூழ் காய்ச்சேக்கை நீயும் தானே ரெண்டு கோப்பை குடிச்சனீ.”

“நான் ஒரு நாளும் அங்கை ஒடியல் காணேல்லையே.”

“நீ வாறதுக்கு முன்னம் எடுத்துப்போடுவன். பெடியன் படிக்க வாறான், இடைஞ்சல் எண்டு.”

“எந்தெந்த நாள் போட்டனீங்கள் பெரியம்மா? சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங்கோ.”

“உதென்ன கேள்வி? வெயில் எறிச்ச நாளெல்லாம். மழைக்குணத்திலை ஆரும் ஒடியல் போடுவினமோ?”

அதாவது, நல்ல வெயில் அடித்த ஒவ்வொரு நாளும் என் பேனல் பாய்க்குக் கீழே கிடந்திருக்கிறது. கையில் மிஞ்சியது மந்தார நாட்கள் மட்டும். சூரிய சக்தி பற்றிய ஆய்வு, சூரியன் இல்லாமல்.

மறுநாள் சேரிடம் போனேன். அவரும் அந்தக் கருத்தை வாசித்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“செய்தியை எடுப்பிக்கலாமோ சேர்?”

“பீடாதிபதி வாழ்த்தினதை நான் எப்பிடி ஐசே எடுக்கச் சொல்லுறது? பேசாமல் திரும்ப அளவும். ஒரு கிழமை நல்ல வெயில் போதும். மாசக் கடைசிக்குள்ளை தந்தீரெண்டால் உம்மடை பட்சோடை வெளியாலை போகலாம். இல்லையெண்டால் வாற வருசம்தான்.”

ஐப்பசியில் ஒரு கிழமை நல்ல வெயிலாம். ஏரி மூட்டத்தை எல்லாம் கண்டுபிடித்த மனிதருக்குப் பருவமழை தெரியவில்லை.

பேனலைக் கழுவினேன். வலைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை என் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன். “நான் என்ன கள்ளியோ?” என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் இருந்தது. அவர் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன், வெயில் வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

அரியாலையில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது.