வலது பக்க இருக்கை

ஆகாய விமானத்தின் இறக்கைக்குத் துணி தைத்த தையல்காரி புதுச்சேரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு நாளைக்கே வேண்டும் என்று நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது.

என் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பிரெஞ்சு ராணுவத்தில் விமான மெக்கானிக்காக இருந்தவர். அப்படிப் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மகனை அங்கேயே விட்டுவிட்டு அக்காவோடு வந்து உழவர்கரையில் வீடு கட்டினார். அவர் வயதுச் சொல்தாக்கள் சாயங்காலமானால் இரும்புக் குண்டு உருட்டி விளையாடப் போவார்கள். இவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பிரெஞ்சில் அச்சடித்த வரைபடத்தை விரித்துவைத்து, மர விமானம் செய்ய உட்கார்ந்துவிட்டார். இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. ராணுவத்தில் இருந்தபோதே சின்ன விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தார். எஞ்சின் ஏதோ பழைய ஜெர்மன் காருடையது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. இடது பக்கம் ஓட்டுகிறவர், வலது பக்கம் இன்னொரு ஆள்.

அக்காவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. “சைக்கிள்ல போய் கருவாடு வாங்கியாங்கன்னா முட்டி வலிக்குதுங்குறாரு. ஆகாசத்துக்குப் போறாராம்” என்பாள். மாமா தன் பாட்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

எலும்புக்கூடு மாதிரி இறக்கைகள் தயாரான பிறகுதான் நான் உள்ளே வந்தேன். ஒரு பெரிய சுருள் பாலியஸ்டர் துணியைத் தூக்கிக்கொண்டு கதிர்காமத்தில் இருந்த என் கடைக்கு வந்தார்.

“இதை ஒற மாதிரி தைக்கணும்மா. தலகாணி ஒற மாதிரி. ஆனா பதினஞ்சு அடி நீளம். கூலி எவ்ளோன்னு சொல்லு.”

“கூலி வேணாம் மாமா. மொத மொத ஆளை ஏத்துறப்ப என்னைத்தான் ஏத்தணும்.”

அவர் சிரிக்கவில்லை. “மொத சுத்து நான் மட்டும்தான். வண்டி எப்படின்னு பாக்கணும். ரெண்டாவது சுத்து நீ” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இருபது வருஷமாகக் குனிந்தபடி ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். விழுப்புரத்தைத் தாண்டிப் போனதில்லை. நான் பிறந்த ஊரை ஒரே பார்வையில், கடலும் தெருவும் என் கடைக் கூரையும் சேர்ந்தாற்போல் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் கேலி செய்தார். “மேல போய் என்னத்தப் பாக்கப் போற? நம்ம மொட்டமாடியில துணி காயுறதுதான் தெரியும்.”

“அதத்தான் பாக்கணும்” என்றேன்.

உறையை மாட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டும். சூடு பட்டதும் துணி சுருங்கி இறுகும். விரலால் தட்டினால் மேளம் மாதிரி பேசும். அதற்கப்புறம் ஒரு முழ நீள ஊசியால் இறக்கையின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம்வரை குத்தி, துணியை மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். நான் மேலே இருந்து குத்துவேன், அவர் கீழே உட்கார்ந்து இழுத்துத் திருப்பி அனுப்புவார். நான் அவசரப்படும்போதெல்லாம் “தூஸ்மான், தூஸ்மான்” என்பார். மெதுவாக என்று அர்த்தமாம். என் கடையில் யாராவது எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால் துணியைத் திருப்பி எறிந்திருப்பேன். அவர் சொன்னால் கேட்டுக்கொண்டேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போயிற்று என்று கணக்கில்லை. பறக்க அனுமதி கேட்டு அவர் போட்ட கடிதங்களுக்கு வேறு கடிதம் கேட்டே பதில் வந்துகொண்டிருந்தது. கடைசியில், அனுமதிக்குக் காத்திராமல், பக்கத்து ஏரி காய்ந்ததும் அந்தத் தரையிலிருந்தே ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

வைகாசியில் ஏரி மண் பாறையாகக் கிடந்தது. காலையிலேயே லாரி ஆட்களோடு கொண்டுபோய் இறக்கைகளைப் பூட்டினோம். திட்டிக்கொண்டே அக்காவும் வந்திருந்தாள். மாமா ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, “ம், ஒங்க பூஜைய முடிங்க” என்று தள்ளி நின்றார்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எடுப்பார்களா? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். தேங்காய் உடைத்தேன். பிறகு சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜை என்றால் தையல் மிஷின், கத்தரிக்கோல், இஞ்ச் டேப், சுவிட்ச் போர்டு வரைக்கும் பொட்டு வைக்கிற ரகம் நான். காத்தாடிக்கு வைத்தேன், எஞ்சினுக்கு வைத்தேன், வாலுக்கு வைத்தேன். இடது இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் துணியை வெட்டித் தைத்ததே நான்தான். ஊரில் உள்ளதையெல்லாம் கேட்கிறவள், அது எதற்கு என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. அதன் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்தேன். காற்றில் உதிர்ந்துவிடக் கூடாதென்று கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன்.

மாமா ஏறி உட்கார்ந்தார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, ஓடி, சக்கரம் மண்ணை விட்டது. நான் தைத்த துணி ஆகாயத்தில் போகிறது. அழுதேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. பனைமர வரிசைக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பினார். அடுத்தது நான் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

இறங்கியது சரியாக இல்லை. வேகமாக வந்தது. தரையில் மோதி எழும்பி மறுபடி மோதியது. ஒரு சக்கரம் கழன்று ஓடியது. வலது இறக்கை மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றது.

எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நெற்றியில் ரத்தத்தோடு அவரே இறங்கிவிட்டார். “வேகம் காட்டுற முள்ளு அசையவே இல்ல. எவ்ளோ வேகத்துல வரேன்னே தெரியல. மெதுவா வந்தா விழுந்துடுமேன்னு வேகமா எறக்கிட்டேன்” என்று அவர் அக்காவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. நான் இடது இறக்கைப் பக்கம் நின்றிருந்தேன். குழாயைப் பார்த்தேன். அதன் ஓட்டையில் சந்தனம் வெயிலில் காய்ந்து சிமெண்டு மாதிரி அடைத்திருந்தது. காற்றை வாங்கித்தான் அது முள்ளை அசைக்கிறது என்று அந்த நிமிஷம் யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது.

புடவைத் தலைப்பில் எப்போதும் ஊசி குத்தியிருப்பேன். அதை எடுத்துச் சந்தனத்தைக் குடைந்து, முந்தானையால் துடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மாமா நேராக அந்தக் குழாயிடம்தான் வந்தார். என்னை உள்ளே எட்டி முள்ளைப் பார்க்கச் சொன்னார். குழாய்க்கு முன்னால் மெல்ல ஊதினார்.

“அசையுதாம்மா?”

“அசையுது மாமா.”

மறுபடி ஊதினார். மறுபடி அசைந்தது. அவர் ஏரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான்தான் சரியாப் பாக்கல” என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அக்கா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், சொன்னால் இந்த மனுஷன் என்னை ஏற்றவே மாட்டார் என்று நினைத்தேன். என் இருக்கைக்காகத்தான் வாயை மூடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொட்டகைக்குப் போனேன். “கிழிஞ்ச எறக்கைக்கு நான் வேற ஒற தச்சித் தரேன் மாமா. சக்கரத்த மாத்திடலாம்.” அவர் தலையாட்டினார். வேலையைத் தொடவில்லை. ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டேன். ஒரு நாள் சொன்னார்: “முள்ளு அசைஞ்சிருக்குது. என் கண்ணு அசையலன்னு சொல்லிச்சி. இந்தக் கண்ண நம்பி பக்கத்துல ஒன்ன எப்படி ஒக்கார வைப்பேன்?”

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. அதற்குள் பொய் பழசாகிவிட்டது. பழசான பொய்யை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. எஞ்சினை யாருக்கோ கொடுத்தார். மரத்தை ஒரு ஆசாரி வாங்கிப் போனார். அடுத்த வருஷம் அவரும் அக்காவும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனிடமே போய்விட்டார்கள்.

தலைக்கு மேலே சத்தம் கேட்டால் நான் கடையை விட்டு வெளியே ஓடிவந்து பார்ப்பேன். ரோட்டில் போகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஏறாமல் போனதை நினைத்தால் இருபத்தைந்து பேர் ஜாக்கெட்டும் தைக்காமல் கிடக்கும்.

ஆறு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். பேச்சுவாக்கில், மாமா காரே ஓட்டுவதில்லை என்றாள். மகன் சாவியைக் கொடுத்தாலும் வாங்குவதில்லையாம். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தன் கண்ணை நம்பாமல் அவளிடம் நீட்டுகிறாராம். மாமாவிடம் போனைக் கொடு என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ஊசி, முந்தானை எல்லாம்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“முள்ளு நின்னுதான் இருந்துதா?” என்றார்.

“ஆமா மாமா. நின்னுதான் இருந்துது.”

“இன்னொரு வாட்டி சொல்லும்மா.”

சொன்னேன். மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. போன் கைமாறியது. “என்னடி சொன்ன? ஏன்டி இப்படி அழுவுறாரு?” என்றாள் அக்கா. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: “நான் சரியாத்தான் பாத்தேனாம். அவளையே கேளு.”

அக்காவிடம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.