ரீத்தாவுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்த கதை

என் தங்கை தாமரையின் கணவர் ரெங்கசாமி முப்பத்தொரு வருஷம் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் இடது கண் பார்வை மங்கியதும் கம்பெனிக்காரன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வருஷமாக, சாலாக் செலாத்தான் வீட்டில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். "இப்ப என்ன செய்றீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அப்படிக் கேட்பவர்களில் முதல் ஆள் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு தீபாவளிக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் "தண்டச்சோறு" என்றே சொல்லிவிட்டேன். மனுஷன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் திடீரென்று நாய் வேண்டும் என்றார். அதுவும் குட்டி நாயில்லை, முப்பத்தாறு கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட். பெயர் ரீத்தா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை வாசலில் காவலுக்குக் கட்டிப்போட்டிருந்த நாய். லோரி ஓட்டிய காலத்தில் வாரம் இரண்டு முறை அங்கே சரக்கு இறக்கப் போனவர், தன் ரொட்டி சானாயில் பாதியை அதற்குத்தான் போடுவாராம். தொழிற்சாலையை இழுத்து மூடியவர்கள் மேசை நாற்காலியைக்கூட ஏற்றிக்கொண்டு போனார்கள், நாயைச் சங்கிலியோடு விட்டுவிட்டார்கள். பாவிகள்! பதினோரு நாள் கழித்து, சுங்கை பூலோவில் நாய்க் காப்பகம் நடத்துகிறவர்கள்தான் அதை மீட்டார்கள்.

ஃபேஸ்புக்கில் படத்தைப் பார்த்ததும் ரெங்கசாமி மூன்று ரயில் மாறிப் போய்விட்டார். யார் வைத்தாலும் தின்னாமல் கிடந்த ரீத்தா, இவரைப் பார்த்ததும் இரண்டு முன்னங்கால்களையும் தோளில் போட்டு நின்றதாம். "என்னைய ஞாபகம் வச்சிருக்கு மச்சான்" என்று என்னிடம் போனில் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆனால் டாமான்சாராவில் பங்களா வைத்திருக்கும் ஒருவரும் அதே நாயைக் கேட்டிருந்தார். காப்பகத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்த பிறகுதான் யாருக்கு என்று முடிவு செய்வார்களாம்.

வீடு பார்க்க வருகிறார்களா? அந்த விஷயத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. குடும்பத்தில் ஒன்பது கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வருவதாக இருந்தது. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும் என்று காப்பகத்துக்குப் போன் போட்டு நாலு மணிக்கு மாற்றினேன். தாமரையைக் கேசரியும் உளுந்து வடையும் செய்யச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கன்னையாவின் புது ஹோண்டா காரை நம் வாசலில் நிறுத்தவைத்தேன். ரெங்கசாமிக்குத் தலைக்கு மை போட்டு, முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு.

"அண்ணே, நாய்க்குக் கற்கண்டா?" என்றாள் தாமரை.

"நாய்க்கு இல்ல புள்ள, வர்றவங்களுக்கு. சும்மா இரு லா!"

வந்தது மலர் என்ற பெண். இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். காப்பகத்து டீ-சட்டை, கையில் ஒரு ஃபைல். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினோரு சொந்தக்காரர்களையும் தட்டையும் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் விசேஷமா? வேணும்னா நான் இன்னொரு நாள் வரேன்" என்றாள்.

"உனக்காகத்தாம்மா எல்லாரும் வந்திருக்கோம், உக்காரு" என்று கேசரியை நீட்டினேன்.

அவள் கேசரியைத் தொடவில்லை. கேட்டின் உயரத்தை அளந்தாள், பின்கட்டைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் சரி என்று குறித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அங்கிள் என்ன வேலை செய்றாரு?"

ரெங்கசாமி தரையைப் பார்த்தார். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாளே! வேலையில்லாத மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்? நான் முந்திக்கொண்டேன்.

"மாப்பிள்ளைக்குச் சொந்தமா மூணு லோரி. காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஏழாகும். கடுமையான உழைப்பாளி."

"வீட்லயே தங்க மாட்டாரு, பிஸி மேன்" என்று சொல்லிக்கொடுத்தபடியே ஒத்து ஊதினார் கன்னையா.

"ஆன்டி?"

"தங்கச்சிக்குப் பள்ளிக்கூடக் கேன்டீன்ல வேலை. கெட்டிக்காரி."

மலர் ஃபைலை மூடினாள். "சாரி அங்கிள். பதினோரு நாள் தனியா கிடந்து நடுங்கிப்போன நாய் அது. பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டுக்குக் குடுக்க முடியாது. அந்தப் பங்களாக்காரருக்கும் இதே பிரச்சனைதான், இருந்தாலும் அவர் ஆள் வச்சுப் பாத்துக்கிறேன்னு சொல்றாரு."

நாசமாய்ப் போக என் வாய்! ஒன்பது கல்யாணம் முடித்த வாய், ஒரு நாயைக் கோட்டை விட்டது.

ரெங்கசாமி எழுந்து நின்றார். பதினோரு சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக யார் முன்னால் நிற்கப் பயந்தாரோ அதே ஆட்கள்.

"எனக்கு வேலை இல்லம்மா," என்றார். "கண்ணு தெரியலன்னு நிறுத்திட்டாங்க. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் இந்த நாற்காலிலதான் இருக்கேன். எங்கயும் போறதில்ல. என்னை யாரும் கூப்பிடறதும் இல்ல."

மலர் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "இப்பதான் மூணு லோரின்னு சொன்னீங்க? எது உண்மை?"

"இவரா? ஒரு லோரி டயர்கூட இவருக்குச் சொந்தமில்லம்மா!" என்று நான் ஆரம்பித்ததும் கூடமே பிடித்துக்கொண்டது. "என் கார்தாம்மா வாசல்ல நிக்கிறது, இவர் பாசாருக்குக்கூடப் போக மாட்டாரு" என்றார் கன்னையா. "என் மகள் கல்யாணத்துக்கே வரல" என்று ஒருவர். ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சாட்சி சொன்னார்கள். ஒரு மனுஷனின் மானத்தை இத்தனை பேர் சேர்ந்து, இவ்வளவு அன்பாக, கப்பலேற்றி நான் பார்த்ததில்லை.

தாமரைதான் கடைசியாகப் பேசினாள். "மழை பெய்ஞ்சா துணி எடுக்க ஆள் இருக்கு. நான் வேலைலேருந்து வந்தா கதவு தொறக்க ஆள் இருக்கு. இவரு இல்லாத நேரம்னு இந்த வீட்ல ஒரு நிமிஷம் கிடையாதும்மா."

இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். அந்தத் தீபாவளிச் சோற்றை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மலர் ஃபைலைத் திரும்பத் திறந்து ரொம்ப நேரம் எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "ரீத்தாவுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்றாள். "அங்கிள் எந்த நாள் ஃப்ரீ? வந்து கூட்டிட்டுப் போகலாம்."

"எல்லா நாளும் ஃப்ரீதாம்மா," என்று சத்தமாகச் சொன்னார் ரெங்கசாமி. அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.